வள்ளி திருமணம்: ராத்திரி பன்னிரண்டு மணிக்கு முன்னாடியும் பின்னாடியும்

இன்னைக்கு ஒரு சண்டையைப் பற்றிப் பேசப் போறோம். நாடக ரசிகர்களுக்குள்ள நூறு வருஷமா நடக்கிற சண்டை. ரெண்டு பக்கமும் ஒரே நாடகத்தைத்தான் கொண்டாடுது. ஆனா ஒரு பக்கம் கொண்டாடுற பகுதியை இன்னொரு பக்கம் பார்க்கவே மாட்டேங்குது.

முதல்ல ஒரு வெளிநாட்டு உதாரணம். 1996-ல் நியூயார்க்கில் 'ரென்ட்' என்ற ராக் இசை நாடகம் மேடையேறியது. அதை எழுதி இசையமைத்த ஜொனாதன் லார்சன், முதல் முன்னோட்டக் காட்சி நடக்க வேண்டிய நாளன்று விடியற்காலையில் இறந்துபோனார். வயசு 35. நாடகம் புலிட்சர் பரிசு வாங்கியது. பிராட்வேயில் 2008 வரை ஓடியது. "எங்க தலைமுறையை நாடகக் கொட்டகைக்குள்ள கூட்டிட்டு வந்ததே இதுதான்" என்று ஒரு கூட்டம். "இது ராக்கும் இல்லை, நல்ல நாடகமும் இல்லை, வாடகை கொடுக்காத பசங்க கதை" என்று இன்னொரு கூட்டம். இத்தனைக்கும் கதையின் எலும்புக்கூடு நூறு வருஷம் பழசு. புச்சினியின் 'லா போஎம்' ஆபராவில் இருந்து எடுத்தது.

பழைய கதை, அன்றைய காலத்துப் பாட்டு, இரண்டாகப் பிரிந்த ரசிகர்கள். இந்த மூன்றும் நம்ம ஊர்லயும் ஒரு நாடகத்தில் இருக்கு. அதுதான் 'வள்ளி திருமணம்'.

எனக்குச் சொந்த ஊர் தொட்டியம். காவிரிக்கு வடகரை, வாழைத் தோட்டம், மதுரகாளியம்மன் கோயில். ஆத்தைத் தாண்டித் தெற்கே மணப்பாறைப் பக்கம் போனா, கோயில் திருவிழாவுக்கு 'ஸ்பெஷல் நாடகம்' போடுவாங்க. எங்க சொந்தக்காரங்க ஊர் அங்கே இருக்கு. டீக்கடைச் சுவத்துல ஒட்டின நோட்டீஸ்ல நடிகர்கள் ஒவ்வொருத்தர் போட்டோவும், கீழே ஊர்ப் பேரும் இருக்கும். ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேற ஊர், ஆர்மோனியம் வேற ஊர்.

அந்த 'ஸ்பெஷல்' என்ற வார்த்தைக்கு அர்த்தமே இதுதான். இது ஒரு கம்பெனி நடத்துற நாடகம் இல்லை. ஒவ்வொரு கலைஞரையும் அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் தனித்தனியா பேசிக் கூப்பிடுறாங்க. இயக்குநர் கிடையாது. ஒத்திகை கிடையாது. முருகனும் வள்ளியும் அன்னைக்கு மேக்கப் போடும்போதுதான் முதல் தடவையா ஒருத்தரையொருத்தர் பார்த்திருக்கலாம். ஆனாலும் ராத்திரி பத்து மணி வாக்கில் தொடங்கி விடிய விடிய நாடகம் நடக்கும். விடியும்போது கல்யாணமும் முடிஞ்சிடும்.

எப்படி முடியுது? எல்லாருக்கும் ஒரே பாடம் மனப்பாடம். அந்தப் பாடத்தை எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் பிறந்து 1922-ல் புதுச்சேரியில் இறந்தவர். நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதியவர். நாடகக்காரங்களுக்கு அவர்தான் குரு, இன்னும் சொல்லப்போனா சாமி.

சரி, சண்டைக்கு வருவோம். நாடகத்துக்கு ரெண்டு பாதி உண்டு. முதல் ரெண்டு மணி நேரம் பபூன், டான்ஸ். பபூன் தனியா வந்து சிரிக்க வைப்பார். அப்புறம் டான்ஸ் ஆடுற பெண் கலைஞர் சினிமாப் பாட்டோட வருவாங்க. ரெண்டு பேரும் மேடை நடுவுல முட்டிக்குவாங்க. சண்டை, கேலி, காதல், இரட்டை அர்த்த வசனம். நடுராத்திரிக்கு அப்புறம்தான் கதை ஆரம்பம். தினைப்புனம் காக்கும் வள்ளி, அவளோடு தர்க்கம் பண்ணும் நாரதர், வேடனாக வரும் முருகன். பாட்டுக்குப் பாட்டு, கேள்விக்குக் கேள்வி. இங்கே கவனம் தப்பினா எதிராளி பதில் சொல்ல முடியாம நிக்க வேண்டியதுதான்.

எங்க பெரியப்பா முதல் பாதியில் வீட்டில் தூங்குவார். "நாரதர் வந்தா எழுப்பு" என்பது உத்தரவு. சித்தப்பா மகனுக்கு நாரதர் என்றாலே கொட்டாவி. பன்னிரண்டு மணிக்குப் பெரியப்பா தோள்ல துண்டோட கொட்டகைக்குப் போவார். அவன் எதிரே பைக் சாவியைச் சுத்திக்கிட்டு வருவான். ரெண்டு பேரும் பார்த்தது 'வள்ளி திருமணம்'தான். ரெண்டு பேரும் பார்த்தது வேற வேற நாடகம்.

பெரியப்பா கட்சியின் வாதம்: சுவாமிகள் எழுதாததை எல்லாம் உள்ளே கொண்டுவந்து நாடகத்தைக் கெடுத்துட்டாங்க. இதைக் கொஞ்சம் வரலாற்றோடு வெச்சுப் பார்ப்போம்.

ஒண்ணு, சுவாமிகள் காலத்து இசை நாடகமே ஒரு கலவை. கர்நாடக ராகம், நாட்டார் மெட்டு, வடக்கேயிருந்து வந்த பார்சி நாடகக் கம்பெனிகளோட இந்துஸ்தானி மெட்டு எல்லாம் சேர்ந்தது. ஐரோப்பாவில் பிறந்த ஆர்மோனியம்தான் இதற்கு உயிர். அந்தப் பெட்டியில் நம்ம கமகம் பேசாது என்று சங்கீதப் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். 1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடையே போட்டது. தடை 1970-கள் வரை நீண்டது. அப்போ நாடகக் கொட்டகையில் அதுதான் ராஜா. எலெக்ட்ரிக் கிட்டார் மேல அங்கே வந்த புகாரும், ஆர்மோனியம் மேல இங்கே வந்த புகாரும் அண்ணன் தம்பி மாதிரி.

ரெண்டாவது, எஸ்.எஸ். விஸ்வநாத தாஸ். 1886-ல் சிவகாசியில் பிறந்தவர். வள்ளி திருமணத்தில் முருகன் வேஷம். பறவை விரட்டும் காட்சியில் வெள்ளைக் கொக்கைப் பாடினார். அந்தக் கொக்கு யார் என்று கொட்டகைக்கே தெரியும், போலீசுக்கும் தெரியும். பல முறை சிறைக்குப் போனார். சுவாமிகள் பாடத்தில் இல்லாத பாட்டு அது. நாவிதர் சமூகத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு மேடையேற மறுத்த நடிகர்களும் உண்டு. 1940 டிசம்பர் 31 அன்று, சென்னை ராயல் தியேட்டரில் முருகன் வேஷத்தில் பாடிக்கொண்டிருக்கும்போதே இறந்தார். பாடத்துக்கு வெளியே போன அந்தப் பாட்டு இன்னைக்கு நம்ம பெருமை. ஆக, நாடகத்துக்குள்ள புதுசு வருவது தப்பு என்று சொல்ல முடியாது.

அப்போ சித்தப்பா மகன் கட்சி ஜெயிச்சுதா? இல்லை. ஒத்திகையே இல்லாத நாடகம் ஏன் நிக்குதுன்னு பார்த்தோமே, அந்தப் பாடம்தான் காரணம். இரண்டாம் பாதியைப் பார்க்க ஆள் இல்லாம போனா, அதைப் படிக்கவும் ஆள் இருக்காது. பாடம் போனா, நாலு ஊர்க்காரங்க ஒரு மேடையில் சேர்ந்து நிக்கிற வித்தையும் போயிடும். மிச்சம் இருக்கப்போவது ஆடல் பாடல் நிகழ்ச்சி. அதுக்குத்தான் ஏற்கெனவே தனிக் குழுக்கள் இருக்கே.

ஆனா ரெண்டு கட்சியும் சேர்ந்து கண்டுக்காம விடுற ஒரு விஷயம் இருக்கு. இந்தச் சண்டையோட செலவை யார் கட்டுறது? டான்ஸ் ஆடுற அந்தப் பெண் கலைஞர். பபூன் அதே இரட்டை அர்த்தம் பேசினா "சரியான கிண்டல்காரன்". அந்தப் பெண் பதில் சொன்னா வேற பேர். சூசன் சைசர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் மதுரையில் தங்கி, இந்தக் கலைஞர்களோடு பழகி, 2005-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் அவர் கவனிச்ச ஒரு விஷயம் என் மனசை விட்டுப் போகலை. ராத்திரி மேடையில் ஆயிரம் பேர் முன்னால ஆடும் பெண்கள், நாடகத்துக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் 'நாடகக்காரி' என்று யாரும் சுட்டிக் காட்டிவிடாதபடி நடந்துகொள்ள எவ்வளவு பாடுபடுறாங்க என்பது. துணைக்கு ஆளோட போறது, வேனுக்குள்ள மறைவா உட்கார்ந்து வர்றது. மேடையில் பார்க்கும் வேலையைப் போல அந்தப் பயணமும் ஒரு வேலை. அதுக்குச் சம்பளம் கிடையாது.

இப்போ யூடியூப் வந்தாச்சு. விடிய விடிய நடந்த நாடகத்தில் இருந்து பத்து நிமிஷத்தை வெட்டி, அந்தப் பெண்ணோட முகத்தைப் பெரிசாப் போட்டு, கொச்சையா ஒரு தலைப்பு வெச்சா வியூஸ் வருது. முன்னே ஒரு ஊர் ஒரு ராத்திரி பார்த்தது. காலையில் வேன் கிளம்பிடும். இப்போ அந்தப் பத்து நிமிஷம் அவங்க வீட்டு வாசல் வரைக்கும் கூடவே வருது.

என் கருத்து இதுதான். பாட்டு புதுசா பழசா என்பதில் சண்டை போடுங்க, அது ஆரோக்கியமான சண்டை. 'ரென்ட்' ரசிகர்களும் இன்னும் போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. ஆனா "நாடகம் கெட்டுப்போச்சு" என்ற வாக்கியம் கடைசியில் ஒரு பெண் மேல போய் இறங்குதுன்னா, அப்போ நாம பேசுவது கலையைப் பற்றி இல்லை.

சென்னையிலும் பெங்களூருவிலும் இருந்து கேட்கிறவங்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். பங்குனி, சித்திரை, வைகாசியில் திருச்சி, புதுக்கோட்டை, மதுரைப் பக்கம் யாராவது திருவிழாவுக்குக் கூப்பிட்டா போங்க. பாய், ஒரு போர்வை எடுத்துக்கங்க. பன்னிரண்டு மணிக்கு எழுந்து போயிடாதீங்க, பன்னிரண்டு மணிக்கு வந்தும் உட்காராதீங்க. முழுசா பாருங்க. அப்புறம் எந்தக் கட்சி என்று எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.