சோலார் மோட்டாருக்கு பேட்டரி வேண்டுமா?

"சார், சோலார் பம்ப்செட் போட்டாச்சு. பகல்ல தண்ணி கொட்டுது, பொழுது சாய்ஞ்சா நின்னுடுது. பேட்டரி வாங்கலாமா?" வயல்களுக்குப் போகும்போது விவசாயிகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

கடன் வாங்கும் முன் கணக்குப் பாருங்கள். 5 எச்.பி. மோட்டார் 3 மணி நேரம் ஓட 11 யூனிட்டுக்கு மேல் வேண்டும். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரியில் அடங்குவது 1.8 யூனிட்தான். முழுக்கத் தீர்த்தால் சீக்கிரம் கெட்டுவிடும். பாதி அளவே எடுப்பதென்றால் 12 பேட்டரிகளுக்கு மேல் தேவை. சில ஆண்டுகளில் அவற்றை மாற்றவும் வேண்டும்.

மின்வாரியத்துக்கும் இதே சிக்கல்தான். வெயிலும் காற்றும் உள்ளபோது மின்சாரம் மிஞ்சும். விளக்கு வைக்கும் நேரத்தில் பற்றாது. இதற்கு உதவுவது கோவை மாவட்டத்தில் உள்ள 400 மெகாவாட் காடம்பாறை நீரேற்று மின்நிலையம். மின்சாரம் மிஞ்சும்போது மேல் ஆழியாறு அணை நீரை காடம்பாறை அணைக்கு ஏற்றுகிறார்கள். தேவைப்படும்போது அதை இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள்.

நம் தொட்டியில் அது கட்டுப்படியாகாது. 1 லட்சம் லிட்டர் நீர் 10 மீட்டர் இறங்கினாலும் 3 யூனிட்கூடத் தேறாது. ஆனால், நமக்கு வேண்டியது தண்ணீர்தானே? வயலின் மேட்டுப்பக்கம் தொட்டி கட்டி, பகலில் நிரப்புங்கள். சாயங்காலம் வாய்க்காலில் திறந்துவிட்டால் போதும், மோட்டார் வேண்டாம். சொட்டுநீருக்கு மட்டும் இந்த அழுத்தம் போதாது. அதை வெயில் நேரத்திலேயே ஓட்டுங்கள்.

ஒரே எச்சரிக்கை: வெயில் இலவசம்தான், நிலத்தடி நீர் அப்படியல்ல. ஊற்றுக்கு மேல் இறைக்காதீர்கள்.