ரயில்வே கேட் மூடியதற்கு யார் சாட்சி?



ரயில்வே கேட்டைப் பற்றி நமக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஓசூர், கெலமங்கலம், ராயக்கோட்டை, மாரண்டஅள்ளி என்று பெங்களூர்–சேலம் ரயில் பாதை நம் பக்கத்து நிலங்களின் நடுவிலேதான் போகிறது. தக்காளி ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போகிறவர், பூ ஏற்றிய டெம்போக்காரர், ஷிப்டுக்கு ஆள் கொண்டுபோகிற கம்பெனி பஸ் டிரைவர், எல்லோருமே எங்கேயாவது ஒரு கேட்டில் காத்து நின்றவர்கள்தான். மூடிய கேட்டைத் திட்டாதவர் நம்மில் யார்?

ஆனால் ஒரு கேள்வி. ஏதோ ஒரு கேட்டில் விபத்து நடந்துவிடுகிறது. "கேட் மூடித்தான் இருந்தது" என்கிறார் ஒருவர். "இல்லை, திறந்து கிடந்தது" என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது உண்மை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இது கற்பனைக் கேள்வி அல்ல. 2025 ஜூலை 8-ந் தேதி காலையில், கடலூரை அடுத்த செம்மங்குப்பம் கேட்டில் ஒரு பள்ளி வேன் மீது விழுப்புரம்–மயிலாடுதுறை பாசஞ்சர் ரயில் மோதியது. மாணவர்கள் 3 பேர் இறந்துபோனார்கள். வேன் டிரைவர் வற்புறுத்திக் கேட்டதால் கேட்கீப்பர் விட்டுவிட்டார் என்று ரயில்வே தரப்பில் முதலில் சொன்னார்கள். கேட் திறந்தேதான் இருந்தது, யாரும் தடுக்கவில்லை என்று வேனில் இருந்தவர்கள் சொன்னார்கள். ஒரே கேட், ஒரே நேரம், இரண்டு பேச்சு!

அந்தக் கேட்டில் ஆள் இருந்தார். ஆனால் அது சிக்னலோடு பிணைக்கப்படாத கேட். 'நான்-இன்டர்லாக்' என்று ரயில்வேக்காரர்கள் சொல்வார்கள். இந்தப் பிணைப்பு என்றால் என்ன என்பதை நாம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எல்லா விஷயமும் இதில்தான் இருக்கிறது.

பிணைப்பு இல்லாத கேட்டில் வேலை நடப்பது டெலிபோனில். ரயில் கிளம்பப் போகிறது என்றால் ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டுக்குப் போன் செய்கிறார். கேட்கீப்பர் கேட்டை மூடிப் பூட்ட வேண்டும். பூட்டியதற்கு அடையாளமாகத் தன்னிடம் உள்ள எண் பட்டியலில் இருந்து ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். இதற்கு 'பிரைவேட் நம்பர்' என்று பெயர். அந்த எண்ணை ஸ்டேஷன் மாஸ்டர் நோட்டில் எழுதிக்கொள்வார். நல்ல ஏற்பாடுதான். நாணயமான ஆளும் விழிப்பான ஆளும் இருந்தால் குறை வராது. ஆனால் கேட்டைப் பூட்டாமலே ஒருவர் எண்ணை மட்டும் சொல்லிவிட்டால்? நோட்டில் 'கேட் பூட்டியாயிற்று' என்றுதான் இருக்கும். மனிதன் சொன்னதைத்தான் நோட்டு எழுதும். கேட் என்ன செய்தது என்பது நோட்டுக்குத் தெரியாது.

பிணைக்கப்பட்ட கேட் அப்படி அல்ல. கேட் இறங்கிப் பூட்டு விழுந்தால்தான் சிக்னல் பச்சைக்கு மாறும். பச்சை விழுந்த பிறகு, ரயில் தாண்டும் வரையில் கேட்டைத் தூக்க முடியாது. "அண்ணா, ஒரு நிமிசம் தூக்கிவிடுங்க, தக்காளி வாடுது" என்று நாம் கெஞ்சினாலும் கேட்கீப்பர் கையில் ஒன்றும் இல்லை. பல இடங்களில் வாய்ச்சண்டை வருவதே இது புரியாததால்தான். நம் எல்லைப் பக்கத்திலே அவருக்குத் தமிழ் தெரியாமலும் இருக்கலாம். நமக்குத்தான் கன்னடமும் தெலுங்கும் கொஞ்சம் கொஞ்சம் வருமே, இரண்டு வார்த்தை நல்லபடியாகப் பேசுவதில் நஷ்டம் இல்லை.

இப்போது பதிவுக் கருவிக்கு வருவோம். ஸ்டேஷனில் 'டேட்டா லாக்கர்' என்று ஒரு பெட்டி இருக்கிறது. சிக்னல் பச்சையானது, சிவப்பானது, பிணைத்த கேட் பூட்டு விழுந்தது, எடுத்தது என்று ஒவ்வொரு மாற்றத்தையும் தேதி, மணி, நிமிடம், வினாடியோடு தானாகவே குறித்துக்கொண்டே இருக்கும். யாரும் சொல்லி அது எழுதுவதில்லை. பால் சொசைட்டியில் ஆள் பார்த்துச் சொல்கிற கணக்குக்கும் மெஷின் காட்டுகிற கணக்குக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியாததா?

பிணைப்பு இல்லாத கேட்டுக்கு இந்தச் சாட்சி கிடையாது. அங்கே உதவுவது பேச்சுப் பதிவு. ஸ்டேஷன் மாஸ்டரும் கேட்கீப்பரும் போனில் பேசுவதை ஒரு கருவி அப்படியே பிடித்து வைக்கிறது. செம்மங்குப்பம் விபத்துக்குப் பிறகு, அதே 2025 ஜூலையில், ரயில்வே அமைச்சர் சில உத்தரவுகள் போட்டார். கேட்டுகளில் கண்காணிப்புக் கேமராவும் பதிவுக் கருவியும் வைக்க வேண்டும். பேச்சுப் பதிவு வேலை செய்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். கோட்ட மேலாளர் தினமும் இரண்டு பதிவுகளையாவது தாமே எடுத்துக் கேட்க வேண்டும் என்பவை அவற்றில் சில. என் அபிப்பிராயத்தில் கடைசியாகச் சொன்னதுதான் பெரிய மாற்றம். விபத்துக்குப் பிறகு கேட்கிற பதிவு குற்றவாளியைத்தான் காட்டும். தினமும் கேட்கிற பதிவு விபத்தையே தடுக்கலாம்.

அமெரிக்காவில் பெரும்பாலான கேட்டுகளில் ஆளே கிடையாது. கேட் உள்ள இடத்தில் ரயில் வந்தால் விளக்கும் மணியும் தானாக வேலை செய்து, கேட் தானாக இறங்கும். ரயில் வருவதற்குக் குறைந்தது 20 வினாடி முன்னால் எச்சரிக்கை தொடங்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஒவ்வொரு கிராசிங்கிலும் நீலப் பலகையில் அதன் எண்ணும், கோளாறு என்றால் கூப்பிட ஒரு டெலிபோன் எண்ணும் எழுதியிருக்கும்.

20 வினாடி போதுமா என்று நம் டிராக்டரை வைத்துக் கணக்குப் போடுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற ரயில் ஒரு வினாடிக்கு சுமார் 28 மீட்டர் ஓடும். நம் ஊரில் கேட்டுக்கு 600 மீட்டர் முன்னால் விசில் பலகை இருக்கும். அங்கிருந்து டிரைவர் விசில் ஊதிக்கொண்டே வருவார். அந்தத் தூரத்தை ரயில் 22 வினாடிக்குள் தாண்டிவிடும். பாரம் ஏற்றிய டிரெய்லரோடு நடைவேகத்தில் போகிற டிராக்டருக்கு, முன்சக்கரம் பாதையில் ஏறியதிலிருந்து டிரெய்லர் வெளியேற 10 வினாடியாவது வேண்டும். நடுவில் எஞ்சின் அணைந்தால்? ரயில் டிரைவர் பிரேக் போட்டாலும் நிற்க ஒரு கிலோமீட்டர் வரை ஆகும். அதனால் விசில் கேட்ட பிறகு உள்ளே நுழைகிற வேலையே வேண்டாம். கேட் திறந்திருந்தாலும் சரி, வண்டியை நிறுத்தி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போங்கள். அகலப் பாதையில் ஆளில்லாத கேட்டுகளை 2019 ஜனவரியோடு எடுத்துவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஆள் இருந்த கேட்டில்தான் அந்த வேன் அடிபட்டது.

இன்னொரு பதிவும் உண்டு. இதை நம் ஜனங்கள் கவனிப்பதே இல்லை. சில சமயம் கேட் பக்கத்தில் ஆட்கள் உட்கார்ந்து போகிற வண்டிகளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். அது வரிக்கான கணக்கு அல்ல. ஒரு நாளைக்கு எத்தனை ரயில், எத்தனை வண்டி என்று எண்ணி, இரண்டையும் பெருக்குகிறார்கள். கார், லாரி, டிராக்டர் ஒவ்வொன்றும் ஒரு அலகு. மாட்டுவண்டியும் ஒரு அலகு! ஆட்டோ அரை அலகு. 20 ரயிலும் 500 வண்டியும் என்றால் 10,000. கேட்டை எப்போது சிக்னலோடு பிணைப்பது என்பதற்கு 20,000 என்று இருந்த எல்லையை 2025 ஜூலையில் 10,000 ஆகக் குறைத்தார்கள். மேம்பாலத்துக்கு ஒரு லட்சம் என்று கணக்கு.

ஆகவே எண்ணுகிற நாள் முக்கியம். மாங்காய் லோடு ஓடுகிற மாதத்தில் எண்ணினால் ஒரு கணக்கு, சும்மா கிடக்கிற மாதத்தில் எண்ணினால் வேறு கணக்கு. உங்கள் ஊர்க் கேட்டில் அறுவடைக் காலத்தில் எண்ணச் சொல்லி, கிராம சபையில் தீர்மானம் போட்டு ரயில்வே கோட்ட அலுவலகத்துக்கு அனுப்புங்கள். ஓசூர்ப் பகுதி தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூர் கோட்டத்தைச் சேர்ந்தது. சேலத்துக்கு எழுதி ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம்.

மூடிய கேட்டைத் தானாகத் திறந்தால் 1989-ஆம் வருடத்து ரயில்வே சட்டப்படி 3 வருடம் வரை சிறை. உடைத்தால் 5 வருடம் வரை. இளவட்டங்கள் மோட்டார் சைக்கிளைச் சாய்த்துக் கேட்டுக்கு அடியில் நுழைப்பதை இனிமேல் கேமராவும் பார்க்கும் என்று சொல்லி வையுங்கள்.

நீங்கள் ஒரு கேட்டில் தவறைப் பார்த்தால், ரயில் வருகிற நேரத்தில் கேட் திறந்து கிடந்தால், கேட்டின் எண்ணையும் மணியையும் குறித்துக்கொண்டு 139-க்குப் போன் செய்யுங்கள். எண் கேட் அறையிலோ கம்பத்திலோ எழுதியிருக்கும். மணியைச் சரியாகச் சொன்னால்தான், கருவியில் அந்த நிமிடத்துப் பதிவைத் தேடி எடுக்க முடியும்.