தைராய்டு சிகிச்சையில் படபடப்பு நின்னுடுச்சா? மாத்திரையை நிறுத்தும் முன் இதைப் படிங்க!

"மாத்திரை போட்ட ரெண்டே நாள்ல நெஞ்சு படபடப்பு நின்னுடுச்சு. இனி எதுக்கு இத்தனை மாத்திரை?" ஹைப்பர் தைராய்டு, அதாவது தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி ஹார்மோன் சுரக்கும் பிரச்னைக்குச் சிகிச்சை எடுப்பவர்களில் சிலர் இப்படி நினைப்பதுண்டு. சிக்கலே இங்கேதான்.

படபடப்பை உடனே அடக்குவது ப்ரோப்ரனோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை. இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும், கை நடுக்கத்தையும் கட்டுப்படுத்தும். ஆனால் சுரப்பி ஓயாது, ஹார்மோனைக் கொட்டிக்கொண்டேதான் இருக்கும். (ஆஸ்துமா இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிடுங்க. இந்த மாத்திரையால் மூச்சுத்திணறல் வரலாம்.)

அப்போ ஹார்மோனைக் குறைப்பது எது?

கார்பிமசோல் மாத்திரை. புதிய ஹார்மோன் தயாராவதைத்தான் இது தடுக்கும். ஏற்கெனவே சுரப்பியில் சேர்ந்து கிடப்பது தீர வேண்டாமா? அதனால் அளவு கட்டுக்குள் வர பல வாரங்கள் ஆகும். அதுவரை இதயத்துக்குக் காவல் பீட்டா பிளாக்கர்தான்.

படபடப்பு இல்லையே என்று கார்பிமசோலை நிறுத்தினால் ஹார்மோன் மறுபடி ஏறும். அப்போது இதயத்தின் மேல் அறைகள் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கலாம். இதற்குப் பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அறைக்குள் தேங்கும் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். அவர்களில் சிலருக்கு நடுக்கமோ வியர்வையோ இல்லாமல், துடிப்புக் கோளாறு மட்டுமே வெளியில் தெரியும்.

ஆறுதலான விஷயம், ஹார்மோன் அளவு சரியானதும் பலருக்கு இந்தத் துடிப்பும் தானாகவே ஒழுங்குக்கு வந்துவிடுகிறது. எல்லோருக்கும் அல்ல.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தைராய்டு கட்டுக்குள் வர வர, வார்ஃபரின் தேவை கூடும். பழைய டோஸ் போதாமல் போகலாம் என்பதால், இந்தக் காலத்தில் ஐஎன்ஆர் பரிசோதனையை அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும்.

கதிரியக்க அயோடின் இதயத்துக்குப் பாதுகாப்பானதா?

பொதுவாக ஆம். ஆனால் கொடுத்த பிறகு, சிதையும் சுரப்பியிலிருந்து ஹார்மோன் கசிந்து கொஞ்ச காலம் அளவு ஏறலாம். இதய நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் முன்கூட்டியே மாத்திரை கொடுத்துத் தயார்ப்படுத்துவது இதனால்தான். அறுவை சிகிச்சைக்கு முன்பும் இப்படித்தான், ஹார்மோனை அடக்கிய பிறகே கத்தி வைப்பார்கள்.

இவற்றுக்குப் பிறகு பலருக்குச் சுரப்பு மிகவும் குறைந்துவிடும். அப்போது தைராக்சின் மாத்திரை எடுக்கணும். டோஸ் குறைந்தால் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும், துடிப்பு மந்தமாகும். கூடினால் பழைய படபடப்பும், தாறுமாறான துடிப்பும் திரும்பலாம். எனவே டிஎஸ்ஹெச் பரிசோதனை பார்த்து டாக்டர்தான் டோஸை மாற்ற வேண்டும். 'சோர்வா இருக்கு' என்று நாமே ஒரு மாத்திரையைக் கூட்டிப் போடுவது கூடவே கூடாது.