உஷார்! டைமிங் பெல்ட் மாட்டிய கையோடு சாவியைத் தொடாதீர்கள்

வீட்டு வாசலிலேயே காரின் டைமிங் பெல்ட்டை மாற்றுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். வீடியோ இருக்கிறது, ஸ்பேனர் செட் இருக்கிறது, மெக்கானிக் கூலி மிச்சம். இதில் தப்பே இல்லை. ஆனால் பெல்ட் ஏறியதும், "ஸ்டார்ட் ஆகிறதா பார்த்துவிடுவோம்" என்று கை தானாகச் சாவிக்குப் போகும். அங்கேதான் இன்ஜின் சாகிறது. வேலையைத் தொடங்கும்போதே பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். இன்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்க்கும் வரை அதை மாட்டவே மாட்டாதீர்கள்.

ஏன் இவ்வளவு பதற்றம்? கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைக் காப்பாற்றுவது பெல்ட்டின் பற்கள் மட்டும்தான். சான்ட்ரோ உட்பட இங்கே ஓடும் பல கார்களில், ஏறக்குறைய எல்லா டீசல் கார்களிலும், கீழே இறங்கிய வால்வும் மேலே ஏறிய பிஸ்டனும் ஒரே இடத்துக்கு வந்து போகின்றன. நேரம் வேறு வேறாக இருப்பதால் மட்டுமே மோதாமல் இருக்கின்றன. கிராங்க் புல்லியில் 20 பல் என்றால், ஒரு பல் மாறுவது 18 டிகிரி பிசகு. ஒரு பல் மாறினால் பல இன்ஜின்கள் மோதாமல் தப்பிவிடும். ஐடிலில் நடுங்கும், இழுவை இருக்காது, செக் இன்ஜின் விளக்கு எரியும். இரண்டு மூன்று பல் மாறினால் வால்வ் வளையும். செல்ஃப் மோட்டார் இன்ஜினை நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று சுழற்றும். தப்பு நடந்தது உங்களுக்குத் தெரிவதற்குள் எல்லா பிஸ்டனும் ஒருமுறை மேலே வந்து போயிருக்கும்.

கேம், கிராங்க் புல்லிகளின் டைமிங் மார்க் எல்லாம் சரியாகத்தானே நிற்கிறது என்று சொல்வீர்கள். நிற்கும், ஏமாற்றும். பெல்ட்டை இறுக்கும் டென்ஷனர் இல்லாத பக்கத்தில் பெல்ட் விறைப்பாக இருக்க வேண்டும்; தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் மட்டுமே இருக்க வேண்டும். மாட்டும்போது அந்த விறைப்புப் பக்கத்தில் கொஞ்சம் தொய்வு விட்டிருந்தால், மார்க் இரண்டும் கச்சிதமாக நேர் நிற்கும். டென்ஷனரை விட்டு ஒரு சுற்று சுற்றியதும் தொய்வு இழுபட்டு, கேம் ஒரு பல் தள்ளிப் போயிருக்கும். நின்ற நிலையில் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இது தெரியாது.

அதனால் ஸ்பார்க் பிளக்கை எல்லாம் கழற்றிவிட்டு, கிராங்க் போல்ட்டில் ராட்செட்டைப் போட்டு, இன்ஜின் ஓடும் திசையிலேயே மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். பெரும்பாலான கார்களில் அது வலச்சுற்று. 1998இல் இங்கே வந்த முதல் ஹோண்டா சிட்டி போன்ற பழைய ஹோண்டாக்களில் இடச்சுற்று. வால்வ் ஸ்பிரிங்கின் அழுத்தம் கைக்கு வந்து வந்து போகும், அது இயல்பு. இரும்பு இரும்பில் முட்டியதுபோல் 'டக்' என்று நின்றால் அங்கேயே நிறுத்துங்கள். நீளமான பைப்பைச் சொருகி அழுத்தினீர்களானால் கையாலேயே வால்வை வளைத்துவிடுவீர்கள். பெல்ட்டைக் கழற்றி முதலிலிருந்து தொடங்குங்கள். இரண்டு சுற்று முடிந்ததும் கேம் மார்க்கும் கிராங்க் மார்க்கும் மறுபடி நேர் நிற்க வேண்டும். செயின் உள்ள இன்ஜினில் வண்ணக் கண்ணிகள் திரும்ப நேராக வராது, பயப்பட வேண்டாம். ஸ்ப்ராக்கெட்டில் உள்ள மார்க்கை மட்டும் பாருங்கள்.

பழைய பெல்ட்டில் ஒயிட்னரால் கோடு போட்டு, அதே இடத்தில் புதியதை மாட்டும் பழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. பழைய பெல்ட் ஏற்கெனவே பல் தாண்டியிருந்தால் அந்தத் தப்பையே பார்த்து எழுதுகிறீர்கள். கம்பெனி போட்ட மார்க்கைத் தேடுங்கள். அதுவும் வெளியே தெரியும் பெரிய புல்லியின் மார்க்கை நம்பாதீர்கள். நடுவில் ரப்பர் உள்ள புல்லிகளில் அந்த ரப்பர் வழுக்கி மார்க்கே நகர்ந்திருக்கலாம். உள்ளே இருக்கும் பல் புல்லியின் மார்க்தான் கணக்கு.

பெல்ட் அறுந்து நின்ற வண்டியா? இன்னும் கவனம் தேவை. நாலு சிலிண்டர் இன்ஜினில் முதல் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது நாலாவதும் உச்சியில்தான் நிற்கும். அந்த நிலையில் கேமைத் திருப்பினால் வால்வ் நேராகப் போய் பிஸ்டனில் இடிக்கும். முதலில் கிராங்க்கை உச்சியிலிருந்து 90 டிகிரி திருப்புங்கள். நாலு பிஸ்டனும் பாதி வழியில் நிற்கும். அதன் பிறகு கேமை மார்க்குக்குக் கொண்டுவந்து, கடைசியாகக் கிராங்க்கை உச்சிக்கு ஏற்றுங்கள்.

இன்னொரு ஆபத்து, லாக்கிங் பின். கேமும் கிராங்க்கும் நகராமல் இடத்தில் நிற்க மட்டுமே அது. அதையே பிடிமானமாக வைத்துப் புல்லி போல்ட்டை இறுக்கினால் பின் உடையும், கேம் ஷாஃப்ட்டும் கூட உடையலாம். புல்லியைப் பிடிக்கத் தனி டூல் உண்டு. பிஎம்டபிள்யூவின் பல இன்ஜின்களிலும் ஃபோர்டின் சிலவற்றிலும் கிராங்க் புல்லிக்குக் கீ கிடையாது. போல்ட் இறுக்கம் ஒன்றுதான் பிடிப்பு. அந்த போல்ட்டைத் தளர்த்திய நொடியிலேயே டைமிங் போய்விடும். அந்த இன்ஜினுக்கு உரிய லாக்கிங் செட்டும் சர்வீஸ் மேனுவலும் கையில் இல்லையென்றால், தயவுசெய்து அந்த போல்ட்டின் பக்கமே போகாதீர்கள்.

பல சின்னக் கார்களில் பெல்ட்டைக் கழற்ற அந்தப் பக்கத்து இன்ஜின் மவுண்ட்டையும் கழற்ற வேண்டியிருக்கும். எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் மரப்பலகை வைத்து ஜாக்கியால் இன்ஜினைத் தாங்குங்கள். காரை வெறும் ஜாக்கியில் நிறுத்தாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம்.

ஏற்கெனவே சாவியைத் திருகிவிட்டீர்களா? செல்ஃப் வழக்கத்தைவிட லேசாக, விட்டு விட்டுச் சுற்றியதா? இனி ஒருமுறைகூட அடிக்காதீர்கள். வண்டியைக் கட்டி இழுத்துப் போய், சிலிண்டருக்குள் காற்றடித்து லீக் பார்க்கச் சொல்லுங்கள். வால்வ் வழியாகக் காற்று போனால் ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும். இப்போதே நிறுத்தினால் வால்வோடு முடிய வாய்ப்பு உண்டு. மறுபடி மறுபடி செல்ஃப் அடித்தால் பிஸ்டனுக்கும் சேர்த்துச் செலவு செய்வீர்கள்.