மார்கழி சீசனுக்கு முதல்முறை போகிறீர்களா?

சென்னையின் மார்கழி இசை விழாவுக்கு முதல்முறை கிளம்புகிறவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, கேட்க நினைக்கும் கச்சேரிகளின் பட்டியலைக் குறைப்பது. 1927 சென்னை காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டில் வேர்விட்ட விழா இது. இன்று பல சபாக்களில் காலை முதல் இரவு வரை ஒரே நேரத்தில் கச்சேரிகள் நடக்கின்றன. மாலைக் கச்சேரி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீளும். பிரதான உருப்படியும், மிருதங்கம் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனமும் பிற்பாதியில்தான் வரும். பாதியில் எழுந்து அடுத்த சபாவுக்கு ஓடினால் இரண்டிலும் சாரத்தை இழப்போம். மயிலாப்பூர் போல ஒரே வட்டாரம், நாளுக்கு ஒரு மதியக் கச்சேரி, ஒரு மாலைக் கச்சேரி, நடுவே சபா கேன்டீனில் டிபன்: இதுவே போதும்.

"இவ்வளவு தூரம் வந்து பெரிய வித்வான்களை விடலாமா?" என்பீர்கள். விட வேண்டாம்; ஒரு மாலைக் கச்சேரிக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுங்கள். ஆனால் இளம் கலைஞர்கள் பாடும் மதியக் கச்சேரிகள் பலவற்றுக்கு அனுமதி இலவசம். நாளைய வித்வான்களை முன்வரிசையிலிருந்தே கேட்கலாம். "சங்கீதம் தெரியாதே" என்ற தயக்கமும் வேண்டாம். பக்கத்து இருக்கைக்காரரின் கையைக் கவனியுங்கள்: ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டும் வீச்சுமாக இரண்டு முறை. அந்த எட்டு எண்ணிக்கைதான் ஆதி தாளம். அதைப் பிடித்துக்கொண்டால் மிருதங்கத்தின் கணக்கு மெல்லப் புலப்படும். நிறையக் கேட்பதைவிட நிறைவாகக் கேட்பதே முதல் பயணத்துக்கு அழகு.