உறையில் 4.7, கணினியில் 4.37

தென்காசிப் பக்கம் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நடந்த கல்யாணம் என்றால், வீட்டுப் பீரோவில் ஒரு டிவிடியாவது கிடக்கும். அதற்கும் முந்திய கல்யாணம் என்றால் இரண்டு மூன்று விசிடி. இப்போது வாங்கும் லேப்டாப்பில் டிஸ்க் போடும் வசதியே இருப்பதில்லை. அதனால் அவற்றைப் பென் டிரைவுக்கு மாற்றித் தரச்சொல்லி ஸ்டூடியோவுக்கோ கம்ப்யூட்டர் கடைக்கோ எடுத்துப்போகிறார்கள். கணக்கு இடிப்பது அங்கேதான். டிவிடியின் உறையில் 4.7 ஜிபி என்று இருக்கிறது, கணினி 4.37 என்கிறது. மிச்சம் எங்கே போனது?

எங்கும் போகவில்லை. ஒரு சாதாரண டிவிடியில் சுமார் 470 கோடி பைட் கொள்ளும். டிஸ்க் செய்பவர்களுக்கு ஒரு ஜிபி என்றால் நூறு கோடி பைட். 470-ஐ நூறால் வகுத்தால் 4.7. கோடியில் எண்ணிப் பழகிய நமக்கு இது மனக்கணக்கு. விண்டோஸ் அப்படி எண்ணுவதில்லை. அதற்கு 1,024 பைட் ஒரு கேபி, 1,024 கேபி ஒரு எம்பி, 1,024 எம்பி ஒரு ஜிபி. பெருக்கிப் பார்த்தால் அதன் ஜிபி 107 கோடியே 37 லட்சம் பைட். 470-ஐ 107.37-ஆல் வகுங்கள், 4.37 வந்துவிடும். ஊருக்கு ஊர் மரக்கால் வேறாக இருந்த காலத்து நெல் கணக்குத்தான் இது: குவியல் ஒன்றே, அளந்த படி வேறு.

இந்தப் பெரிய ஜிபிக்கு 1998-லேயே கிபிபைட் என்று தனிப்பெயர் வைத்தாயிற்று. ஆப்பிள் கணினிகள் 2009-இல் ஆயிரக் கணக்குக்கு மாறிவிட்டன. விண்டோஸ் மட்டும் 1,024-ஆல் வகுத்துவிட்டுப் பக்கத்தில் ஜிபி என்றே எழுதுகிறது. குழப்பத்துக்கு டிவிடிக்காரர்களைத் திட்டுவார்கள்; நான் விண்டோஸைத்தான் சொல்வேன்.

சிடியில் கதை தலைகீழ். ஒரு நொடிக்கு 75 பகுதி, 80 நிமிடத்துக்கு 3,60,000 பகுதி. ஒவ்வொன்றிலும் 2,048 பைட். மொத்தம் 73 கோடியே 72 லட்சம் பைட். உறையில் போட்டிருக்கும் 700 எம்பி, 1,024 கணக்கில் வந்த எண். ஆகவே 4,700-ஐ 700-ஆல் வகுத்து, ஒரு டிவிடியில் ஆறே முக்கால் சிடி அடங்கும் என்று சொல்வது தப்பு. பைட்டில் கணக்கிட்டால் ஆறு சிடியும் ஏழாவதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமும்தான். விசிடி இன்னொரு வேடிக்கை. படத்தில் ஒரு புள்ளி கெட்டால் யாரும் கவனிக்கப்போவதில்லை என்று, பிழை திருத்தத்துக்கு ஒதுக்கிய இடத்திலும் படத்தையே நிரப்பினார்கள். அதனால்தான் 700 எம்பி டிஸ்கிலிருந்து 800 எம்பி அளவுக்கு ஒரு கோப்பு வெளியே வருகிறது.

பென் டிரைவும் டிவிடி போல ஆயிரக் கணக்குதான். 16 ஜிபியில் நிறைந்த டிவிடி மூன்று, 32 ஜிபியில் ஆறு. ஒரு தடங்கல் உண்டு. பல பென் டிரைவ்கள் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகி வரும். அதில் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. முழு டிவிடியையும் ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக்கினால், டிரைவ் காலியாக இருந்தாலும் ஏறாது. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்துவிட்டால் ஏறும்.

இனி இந்தக் கல்யாணப் படங்களில் வரும் குற்றால அருவிக் காட்சிக்கு வருவோம். டிவிடியின் 470 கோடி பைட்டை எட்டால் பெருக்கினால் 3,760 கோடி பிட். இரண்டு மணி நேரப் படம் என்றால் நொடிக்கு 52 லட்சம் பிட் கிடைக்கும். விசிடியில் படத்துக்குக் கிடைத்ததோ நொடிக்கு வெறும் பதினொன்றரை லட்சம். இவ்வளவு குறைவில் படம் எப்படி ஓடுகிறது? ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் மாறியதை மட்டும் எழுதிவைப்பதால். மணமேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்திருக்கிறார்கள், பின்னால் ஜோடனை அசையவில்லை. எழுத அதிகம் ஒன்றுமில்லை. ஐந்தருவியில் கேமராவைத் திருப்பினால் நிலைமை வேறு. விழும் தண்ணீர், தெறிக்கும் சாரல், காற்றில் ஆடும் இலை என்று எல்லாமே ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிது. நொடிக்கு இத்தனை பிட் என்ற வரம்புக்குள் அதை அடைக்க முடியாமல் அருவி கட்டம் கட்டமாக உடைந்து போகும். பழைய விசிடிகளில் பேரருவி செங்கல் சுவர் போலத் தெரிந்ததற்குக் கேமராமேன் மேல் குற்றமில்லை.

டிவிடியில் உள்ளதை அப்படியே பென் டிரைவுக்கு நகல் எடுத்தால் படம் கொஞ்சமும் கெடாது. பத்து டிவிடியை 8 ஜிபிக்குள் அடக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வகுத்துப் பாருங்கள். நிறைந்த டிஸ்க் பத்து என்றால் 4,700 கோடி பைட், 800 கோடியாகச் சுருங்குகிறது, கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு. இப்போது புழங்கும் எச்.264 முறை, பழைய டிவிடி முறைக்கு ஏறக்குறையப் பாதி இடத்தில் அதே தரத்தைத் தரும். பாதி வரை சரி; ஆறில் ஒன்று என்றால் எதையாவது இழந்துதான் ஆகவேண்டும். காசு கொடுக்கும் முன், தாலி கட்டும் காட்சியை ஓட்டிக்காட்டச் சொல்லாதீர்கள், அது நன்றாகத்தான் இருக்கும். அருவிக் காட்சி இருந்தால் அதை ஓட்டச் சொல்லுங்கள்.