தண்டவாளம் போன வழியில் வந்த பணம்

ஒரு வட்டாரத்துக்குள் எத்தனை பயணிகள் நுழைந்தார்கள் என்பதைக் காட்டிலும், அவர்கள் எத்தனை இடங்களில் நின்று இளைப்பாற வேண்டியிருந்தது என்பதே அங்குள்ள சிற்றூர்களின் வருவாயைத் தீர்மானிக்கிறது என்பதற்கு, நியூசிலாந்தின் தென்தீவிலுள்ள மத்திய ஒட்டாகோப் பகுதி நல்ல சான்று. அங்கே 1990இல் கைவிடப்பட்ட ஓர் இருப்புப்பாதையின் தண்டவாளங்களைக் கழற்றியபின், கரைமேட்டையும் பாலங்களையும் சுரங்க வழிகளையும் அப்படியே வைத்துக்கொண்டு அமைக்கப்பட்ட சைக்கிள் பாதை, 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் முழு நீளத்துக்கும் திறக்கப்பட்டது. இத்தகைய வழியை 'ரயில் தடம்' என்பார்கள். ரயில் ஓய்ந்துபோன தடத்தில் சரளை பரப்பி, நடப்போரும் சைக்கிளில் செல்வோரும் குதிரையேறிச் செல்வோரும் பயன்படுத்தும்படி செப்பனிட்ட பாதை என்பது அதன் பொருள். மிடில்மார்ச் என்ற சிற்றூரிலிருந்து கிளைடு வரை 152 கிலோமீட்டர் நீளும் இத்தடம், அரசோ பெருநிறுவனமோ திட்டமிட்டு வளர்த்த சுற்றுலாத் தலமாக இருந்ததில்லை. அதனால்தான் அதன் பொருளாதாரத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

டனீடன் நகருக்கு அருகிலுள்ள விங்கட்டூயிலிருந்து 1879இல் போடத் தொடங்கிய அந்த இருப்புப்பாதை, 1891இல் மிடில்மார்ச்சையும் 1898இல் ரான்ஃபர்லியையும் 1907இல் கிளைடையும் தொட்டு, 1921இல் குரோம்வெல்லில் முடிந்தது. 1860களில் அப்பகுதியைக் கலக்கிய தங்க வேட்டை அதற்குள் தணிந்திருந்தபடியால், ரயில் ஏற்றிச் சென்றதெல்லாம் பெரும்பாலும் ஆட்டுக் கம்பளியும் கால்நடைகளும் பழங்களுமே. பண்ணைகளிலிருந்து வண்டிகளில் மூட்டைகள் வந்து சேரக்கூடிய தொலைவுக்கு ஒரு நிலையம் என அமைந்ததால், மழை குறைந்த அந்த வறண்ட சமவெளிகளில் ரயில் நிலையத்தைச் சுற்றி ஒரு மதுவிடுதி, ஒரு மளிகைக் கடை, ஒரு பள்ளிக்கூடம் என்ற அளவிலான ஊர்கள் வரிசையாக முளைத்தன. நீராவி எஞ்சின் இழுத்துச் செல்லும்படி பாதையின் சரிவு ஐம்பது அடிக்கு ஓர் அடி உயரத்துக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்ளப்பட்டது. இந்த இரண்டு பொறியியல் முடிவுகளும், அதாவது ஊர்களின் இடைவெளியும் ஏற்றத்தின் மென்மையும், நூறாண்டு கழித்து வேறொரு தொழிலுக்கு மூலதனமாகப் போகின்றன என்பதை அன்று யாரும் எண்ணியிருக்க முடியாது.

1984இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அரசு, வேளாண் மானியங்களை ஏறத்தாழ ஒரேயடியாக விலக்கிக்கொண்டபோது ஆட்டுப் பண்ணைகள் நிலைகுலைந்தன. ரயில்வேயும் பொதுப்பணித் துறையும் ஆட்குறைப்புச் செய்தன; கிளைடு அணைக்கட்டுப் பணிக்கான பொருள்களை ஏற்றி வந்த வேலையும் முடிந்ததும், 1990 ஏப்ரல் 30இல் மிடில்மார்ச்சுக்கும் கிளைடுக்கும் இடைப்பட்ட பாதை மூடப்பட்டது. அஞ்சல் நிலையமும் வங்கிக் கிளையும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்த ஊர்களிலிருந்து ரயிலும் போனது. தடத்தின் நிலத்தை 1993இல் இயற்கைப் பாதுகாப்புத் துறை கையேற்றது. மறு ஆண்டில் உள்ளூர்க்காரர்கள் சிலர் அறக்கட்டளை ஒன்றை அமைத்து, 60க்கும் மேற்பட்ட பாலங்களுக்குப் பலகை தைக்கவும் கைப்பிடி வைக்கவும் நிதி திரட்டினார்கள். அக்கம்பக்கத்துப் பண்ணையாளர் பலர் இதை எதிர்த்தார்கள். பயணிகள் வேலிக் கதவைத் திறந்துபோட்டுப் போவார்கள், காய்ந்த புல்லில் நெருப்பு வைத்துவிடுவார்கள், ஆட்டு மந்தையைக் கலைப்பார்கள் என்ற அவர்களுடைய அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட இயலாது. ஆதாயம் யாருக்கு என்றே தெரியாத ஒரு திட்டத்தின் தொல்லைகள் மட்டும் தம் வேலியோரம் வந்து விழும் என்று நினைப்பவர்கள் வேறு விதமாகப் பேசியிருக்க மாட்டார்கள். பின்னாளில் தடத்தையொட்டித் தங்குமிடம் நடத்தத் தொடங்கியவர்களில் பண்ணைக் குடும்பங்களும் அடங்கும் என்பது இந்த வரலாற்றின் சுவையான பகுதி.

கிளைடிலிருந்து மிடில்மார்ச்சுக்குக் காரில் செல்வோருக்கு இரண்டு மணி நேரம் போதும். வழியில் அவர்கள் ஒரு காப்பி குடிக்கலாம், வண்டிக்கு எரிபொருள் நிரப்பலாம், அல்லது எதுவுமே வாங்காமல் கடந்துவிடலாம். அதே தொலைவைச் சைக்கிளில் கடப்போர் பொதுவாக மூன்று முதல் ஐந்து நாள் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் ஓர் ஆளுக்கு இரண்டு இரவுப் படுக்கையாவது வேண்டும். வேளாவேளைக்கு உணவு வேண்டும். வாடகைச் சைக்கிள் வேண்டும். பெட்டி படுக்கையை அன்றன்று அடுத்த விடுதிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சிறு வேன் வேண்டும். இத்தடத்தில் வருவோரில் நடுவயதைத் தாண்டியவர்கள் மிகுதி என்பதால், கூடாரத்தைச் சுமந்துகொண்டு சிக்கனமாகப் போகும் பயணம் இங்கு குறைவு. பகலெல்லாம் மிதித்தவர்கள் மாலையில் நல்ல படுக்கையையும் வயிறார உணவையும் ஒரு குவளை மதுவையும் எதிர்பார்க்கிறார்கள், அதற்குரிய விலையையும் கொடுக்கிறார்கள். சைக்கிளில் பொருள்களை அடுக்கி எடுத்துச் செல்ல முடியாது என்ற எளிய உண்மையும் இங்கே வேலை செய்கிறது. பேரங்காடியில் மொத்தமாக வாங்கிக் காரின் பின்பக்கத்தில் நிரப்பிக்கொண்டு வருபவரைப் போலன்றி, சைக்கிள்காரர் பசிக்கும் இடத்தில்தான் வாங்கியாக வேண்டும். தடத்தோரச் சிற்றூர்களான ஹைடிலும் வெடர்பர்னிலும் ஒட்டுரேஹுவாவிலும் பசி எடுத்தால் அந்தப் பணம் ஹைடிலும் வெடர்பர்னிலும் ஒட்டுரேஹுவாவிலும்தான் விழும்.

பொருளியலாளர்கள் 'கசிவு' என்று ஒரு சொல்லைப் பயன்படுத்துவார்கள். ஒரு பகுதியில் செலவிடப்பட்ட பணத்தில், அங்கே தங்காமல் வெளியூர் முதலாளிக்கோ வெளிநாட்டுச் சரக்குக்கோ உடனே போய்விடும் பங்கையே அது குறிக்கும். எரிபொருளுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அப்படிக் கசிந்துவிடுகிறது. பன்னாட்டு விடுதிக் குழுமத்தின் அறைவாடகையிலும் கணிசமான பங்கு வெளியே போகிறது. மாறாக, மூடப்பட்ட பள்ளிக்கூடத்தையோ பழைய பண்ணைத் தொழிலாளர் குடிலையோ செப்பனிட்டு நாலைந்து அறைகளாக்கி நடத்தும் குடும்பத்தின் கைக்கு வந்த பணம், தச்சருக்கும் சலவைக்கும் கறிக்கடைக்கும் போய், அவர்கள் கையிலிருந்து மறுபடியும் உள்ளூரில் செலவாகிறது. முதல் செலவு இவ்வாறு சுற்றிச் சுற்றி எத்தனை மடங்கு வருமானத்தை உண்டாக்குகிறது என்பதற்குப் 'பெருக்கி' என்று பெயர். சிற்றூர்களில் பெருக்கி பெரிதாக இருப்பதில்லை, ஏனெனில் அங்கே விற்கப்படும் மாவும் சர்க்கரையும்கூட வெளியிலிருந்து வருபவை. ஆயினும் உரிமையாளர் உள்ளூர்க்காரராக இருக்கும்போது கசிவு குறைகிறது என்பதே மத்திய ஒட்டாகோவின் பலம். 700 பேர் அளவிலான ரான்ஃபர்லியில் ஒரு புதிய உணவகம் என்பது நகரத்தார் கண்ணில் படாத செய்தி; அந்த ஊருக்கோ அது இரண்டு மூன்று வீடுகளின் ஆண்டு வருமானம்.

பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்ற கேள்விக்கும் இங்கே வழக்கத்துக்கு மாறான விடை கிடைக்கிறது. பூல்பர்ன் மலையிடுக்கில் இரண்டு சுரங்க வழிகளும் 37 மீட்டர் உயரப் பாலமும் உண்டு. மற்றபடி கிலோமீட்டர் கணக்கில் வெட்டவெளியும் மஞ்சள் புல்லும் தொலைவில் மலையும்தான். வெடர்பர்ன் நிலையத்தின் பழைய சரக்குக் கொட்டகையை ஓவியர் கிரஹாம் சிட்னி 1975இல் வரைந்த ஓவியம் நாடு முழுதும் பெயர் பெற்றது; ரயில் நின்றபின் இடம் மாற்றப்பட்ட அந்தக் கொட்டகையை ஊரார் பின்னர் பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்தார்கள். சரக்கு ஏதுமில்லாத சரக்குக் கொட்டகை ஒன்று, பயணிகளை இறங்கி நின்று படமெடுக்க வைத்து, அருகிலுள்ள மதுவிடுதிக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறது. ஒட்டுரேஹுவாவில் எர்னஸ்ட் ஹேய்ஸ் வேலிக் கம்பியை இறுக்கும் கருவிகளைச் செய்த பழைய பட்டறையும் இன்று பாதுகாக்கப்பட்ட நினைவிடமாகிவிட்டது.

இந்த ஆதாயத்தை எண்ணில் சொல்ல முற்படும்போது எச்சரிக்கை வேண்டும். சைக்கிள் சுற்றுலாவைப் பற்றிய அறிக்கைகள் பெரும்பாலும் மொத்தச் செலவைக் காட்டுபவை: இத்தனை பேர் வந்தார்கள், ஒவ்வொருவரும் சராசரியாக இவ்வளவு செலவழித்தார்கள், இரண்டையும் பெருக்கினால் இவ்வளவு கோடி. இதில் மறைந்திருக்கும் பிழைக்கு 'இடமாற்றச் செலவு' என்று பெயர். டனீடன்வாசி ஒருவர் கடற்கரையில் கழித்திருக்கக்கூடிய விடுமுறையைத் தடத்தில் கழித்தால், மத்திய ஒட்டாகோவுக்கு அது புதிய பணம். நியூசிலாந்து முழுவதற்கும் அது இடம் மாறிய பழைய பணம். தடத்தில் வருவோரில் உள்நாட்டவரே பெரும்பாலோர் என்பதால் இந்த வேறுபாடு சிறியதல்ல. அந்நாட்டு அரசுத் துறை 2016இல் வெளியிட்ட மதிப்பீடு, சைக்கிள் தடங்களுக்குச் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் ஆண்டுக்கு 3.55 டாலர் நன்மை கிடைப்பதாகக் கூறியது. அந்த நன்மையில் கடைக்காரர் கையில் விழுந்த காசு மட்டுமன்றி, உடற்பயிற்சியால் விளையும் ஆரோக்கியத்தைப் பணமாக மதிப்பிட்ட தொகையும் சேர்ந்திருந்தது. ஆரோக்கியத்துக்கு மதிப்பில்லை என்பதில்லை. ஆனால் அதைக் கொண்டு விடுதிக்காரர் வங்கிக் கடனைக் கட்ட முடியாது. எனவே நாட்டளவிலான பெரிய எண்களைவிட, மூடப்படவிருந்த கடை மூடப்படவில்லை என்பது போன்ற சிறிய உண்மைகளே இத்தடத்தின் விளைவைத் துல்லியமாகக் காட்டுகின்றன.

பணம் எங்கே விழவில்லை என்பதும் கணக்கில் வர வேண்டும். தடத்திலிருந்து சில கிலோமீட்டர் விலகியிருக்கும் நேஸ்பி போன்ற பழைய தங்கச் சுரங்க ஊர்களுக்குப் பயணிகளை வேனில் அழைத்துச் சென்றால்தான் உண்டு. குளிர்காலத்தில் தடம் ஏறக்குறைய வெறிச்சோடிவிடுகிறது. நியூசிலாந்தின் மிகக் குறைந்த வெப்பநிலையான மைனஸ் 25.6 பாகை செல்சியஸ் 1903இல் பதிவானது ரான்ஃபர்லியில்தான் என்பதை நினைவில் கொண்டால் இது வியப்பளிக்காது. ஆகவே வேலைவாய்ப்பு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் ஏப்ரல் வரையிலான பருவகால வேலை. ஆட்டுப் பண்ணையோ வேறு தொழிலோ பக்கத்தில் இருப்பவர்களுக்கே அது கட்டுப்படியாகிறது. தடத்தில் செல்லக் கட்டணம் கிடையாது என்பதால், விடுதிக்காரர் ஈட்டுவதற்கும் பாலத்தின் பலகையை மாற்றுவதற்கான செலவுக்கும் நேரடித் தொடர்பில்லை. நிலையந்தோறும் முத்திரை குத்திக்கொள்ளும் சிறு 'கடவுச்சீட்டு' விற்பனை போன்ற வழிகளில் அறக்கட்டளை ஓரளவு ஈடுகட்டப் பார்க்கிறது.

2009 பிப்ரவரியில் நடந்த வேலைவாய்ப்பு மாநாட்டையொட்டிப் பிரதமர் ஜான் கீயின் அரசு, நாடெங்கும் சைக்கிள் தடங்கள் அமைக்க 5 கோடி நியூசிலாந்து டாலர் ஒதுக்கியதற்கு ஒட்டாகோவின் வெற்றி ஒரு முன்மாதிரியாக இருந்தது. ஆனால் நடுவில் ஊரே இல்லாத அழகிய காட்டுப் பாதையைச் சைக்கிள்காரர் ஒரே மூச்சில் கடந்துபோகும்போது, பணம் இரு முனைகளிலுள்ள நகரங்களில் மட்டும் தேங்குகிறது. அண்மையிலேயே அதன் சாயல் தெரிகிறது. கிளைடையும் குரோம்வெல்லையும் இணைத்து 2021 மே மாதம் திறக்கப்பட்ட டன்ஸ்டன் ஏரித் தடம் 41 கிலோமீட்டர் மட்டுமே. பாறைச் சுவரில் பொருத்திய நடைமேடைகள் வழியே ஒரே நாளில் முடித்துவிடக்கூடிய அது கிளைடுக்கு ஆள்களைக் கொண்டுவருகிறது, ஒட்டுரேஹுவாவுக்கு அல்ல. மறுமுனையில், டனீடனிலிருந்து டையெரி மலையிடுக்கு வழியாகச் சில நாள்களில் மிடில்மார்ச் வரை வந்துகொண்டிருந்த சுற்றுலா ரயில் 2020இல் கொரோனாக் காலத்தில் நிறுத்தப்பட்டது. பின்னர் ஓரளவுக்குச் சேவைகள் மீண்டாலும், தடத்தின் ஒரு முனைக்கு ரயிலிலேயே வந்திறங்கும் வசதி பழையபடி திரும்பவில்லை.

இவற்றைவிடப் பெரிய மாற்றம் மின்கலம் பொருத்திய சைக்கிளால் வருகிறது. முன்பு எதிர்காற்றுக்கு அஞ்சியவர்களையும் எழுபது வயதினரையும் அது தடத்துக்கு அழைத்து வருகிறது. கூடவே, நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் மிதித்தவரை 60 கிலோமீட்டர் போக வைத்து, நான்கு நாள் பயணத்தை மூன்று நாளாகச் சுருக்கவும் செய்கிறது. ஓர் இரவு குறைந்தால் எந்த ஊரின் படுக்கை காலியாகும் என்பது விடுதிக்காரர்களுக்கு உண்மையான கவலை. ஆனால் மின்கலம் முழுதாகச் சார்ஜ் ஏறச் சில மணி நேரம் பிடிக்கும். உணவு மேசைக்குப் பக்கத்துச் சுவரில் இணைப்பு வைத்திருக்கும் மதுவிடுதியில் பயணி அதுவரை உட்கார்ந்துதான் ஆக வேண்டும், நீராவி எஞ்சின் தண்ணீர் பிடிக்க நின்ற நேரத்தில் அன்றைய பயணிகள் இறங்கித் தேநீர் குடித்ததைப் போல.